நேர்க்கோட்டில் ஐந்து கிலோமீட்டர்

சலவைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பதிமூணடி. ஆள் ஒன்றும் உயரமில்லை. ஐந்தடியைத் தொடவே எக்க வேண்டும். அந்தப் பெயர் ஓர் ஏணியால் வந்தது.

ஆறு வருடம் அவள் மடிப்பு மேசையில் நின்றவள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகள் வெந்து, அலசப்பட்டு, உருளையில் தேய்ந்து கடைசியில் அவள் கைக்கு வரும். ஒரு நாள் பன்னிரண்டடி உயரத்தில் சுவரோடு ஓடும் நீராவிக் குழாய் கசிந்தது. பன்னிரண்டடி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவரடியில் ஐந்தடி அகலத்துக்கு வடிகால் இருந்ததால் ஏணியின் காலை அதற்கு இந்தப் பக்கம்தான் ஊன்ற முடிந்தது. சாய்த்தால் எட்டவில்லை. ஆறு ஆண்கள் கூடி நின்று ஏணியைத் திட்டினார்கள், வடிகாலைத் திட்டினார்கள், வடிகாலைக் கட்டியவனின் அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. அவள் மடித்த விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, பதிமூன்றடி ஏணி வேண்டும், சரியாகப் பதிமூன்று என்றாள். சிரித்தார்கள். மறுநாள் பதிமூன்றடி ஏணி வந்து, சொல்லிவைத்த மாதிரி குழாயில் போய் உட்கார்ந்தது.

எப்படித் தெரியும் என்று மேலாளர் கேட்டதற்கு, பிதாகரஸ் தேற்றம் என்றாள். செங்கோண முக்கோணத்தில் சின்னப் பக்கங்கள் இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் பெரிய பக்கத்தின் வர்க்கம் வந்துவிடும். சின்னப் பக்கங்கள் ஐந்தும் பன்னிரண்டும் என்றால் பெரியது பதிமூன்று. பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அப்பா போனதோடு படிப்பும் போயிற்று, கணக்கு மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவளை அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். தாற்காலிகம்தான். ஒன்பது மாதம் பிசகில்லாமல் ஓட்டினால் நிரந்தர உத்தரவு தருவதாகச் சொன்னார்கள். மின்விசிறி, சுழல் நாற்காலி, காய்ந்த தரை என்று எல்லாம் கிடைத்தது. அவளுடைய கால் வெடிப்பே இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது.

அவளுடைய தங்கை மட்டும் இன்னும் உள்ளேதான் இருந்தாள், உருளை இயந்திரத்தில். சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்பின் இரு முனைகளையும் பிடித்துக் கொடுக்கிற வேலை. பார்க்கிற எவருக்கும் இரண்டு பேரும் அக்கா தங்கை என்று தெரியாது. பெரியவள் வாயைத் திறந்தால் கணக்கு, சின்னவள் வாயைத் திறந்தால் அக்கா. எங்கள் அக்கா கணக்கில் புலி, எங்கள் அக்காவைக் கேளுங்கள் என்று ஊரையே ஒரு வழி பண்ணிவிடுவாள். கட்டியவன் கைவிட்டுப் போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

அம்மாவும் சின்னவளோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு மறதி. சாதாரண மறதி இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் இறங்கி, செத்துப்போன கணவனைத் தேடுகிற மறதி. பெரியவள் வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஒண்டுவதற்கே இடமில்லை. அது உண்மைதான். ஆனால் இடம் இருந்திருந்தாலும் அவள் புருஷன் வேறு ஏதாவது சொல்லியிருப்பான், அவளும் அதற்கு ஊம் கொட்டியிருப்பாள். சின்னவள் வேலைக்குப் போகிற நேரத்தில் அம்மாவைப் பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துக்கொண்டாள். நர்ஸுக்கு மாலை வேலை. ஐந்து அடித்தால் செருப்பை மாட்டிவிடுவாள், ஒரு நிமிடம் கூட நிற்க மாட்டாள். தொழிற்சாலையில் நான்கு மணிக்கு ஷிப்ட் முடியும். கம்பெனி பஸ் நாலரைக்குச் சின்னவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். அந்த அரைமணி நேர இடைவெளியில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி இரண்டு பஸ் கிடையாது, ஒன்றுதான். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் இடம். தூரம் நேர்க்கோட்டில் கணக்கிடப்படும். நேர்க்கோடு என்ற சொல்லை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்துப் போட்டானோ தெரியாது. அவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்துக் கோடு போட்டிருப்பான். அந்தக் கோட்டில் சரக்கு ரயில் நிலையமும் கிடங்குகளும் ஆள் உயர மதில்களும் இருப்பது அவனுக்கென்ன தெரியும். காக்கைதான் நேர்க்கோட்டில் வேலைக்கு வர முடியும்.

மேலாளர் கையைப் பிசைந்தார். கைப்பேசியில் பார்த்தால் ஆளுக்கொரு தூரம் காட்டியது. நூற்று நாற்பது பேரும் தங்கள் தங்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். பதிமூணடி சொன்னாள், நான் போட்டுத் தருகிறேன் சார் என்று. அந்த ஊர் கட்டம் போட்ட நோட்டு மாதிரி. தெருக்கள் எல்லாம் நேருக்கு நேர், குறுக்குக்குக் குறுக்கு, எண்ணுக்கு எண். ஒரு தெருவுக்கும் அடுத்ததற்கும் இருநூறு மீட்டர். ஆளின் முகவரியைப் பார்த்து வடக்கே எத்தனை தெரு, கிழக்கே எத்தனை தெரு என்று எண்ணினால் முக்கோணத்தின் இரண்டு பக்கம் கையில். மூன்றாவது பக்கம் தேற்றத்தின் பாடு.

நான்கு நாள் அவள் தலையைத் தூக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறந்து போனாள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவ்வளவு சந்தோஷமாக அவள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. நூற்று நாற்பது முக்கோணங்கள். ஒவ்வொன்றும் அவள் கைபட்டு முடிந்தது.

தொண்ணூற்று இரண்டாவது பெயர் சின்னவளுடையது. கிழக்கே பதினைந்து தெரு, மூன்று கிலோமீட்டர். வடக்கே இருபது தெரு, நான்கு கிலோமீட்டர். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. ஐந்து. பின்னம் இல்லை, மிச்சம் இல்லை, பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் போடுகிற முக்கோணம். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. யார் வீட்டுக் கணக்கு என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஐந்துக்கு மேல் என்றுதான் கடிதம் சொன்னது. ஐந்து, ஐந்துக்கு மேல் இல்லை. ஒரு புள்ளியும் ஒன்றும் போட்டால் முடிந்தது, கேட்க நாதியில்லை. பேனாவைத் திறந்தாள், மூடினாள். தங்கைக்கு என்று வளைத்தாள் என்ற பேச்சு வந்தால் நிரந்தர உத்தரவு காற்றில் போய்விடும் என்று நினைத்தாள். அதைவிடவும், தன் கணக்கில் தானே கை வைப்பதா என்று நினைத்தாள். ஐந்து என்றே எழுதினாள். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டாள். பாதி கர்வம், பாதி பயம். இரண்டையும் சேர்த்து நேர்மை என்று அழைப்பது உலகத்தில் புதிதில்லை.

பட்டியலை ஒட்டிய அன்று சலவைக்கூடத்தில் ஒரே கூச்சல். சின்னவள் மட்டும் கத்தவில்லை. அலுவலக ஜன்னலுக்கு வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"சரியா அஞ்சா அக்கா?"

"சரியா அஞ்சு."

"ஒரு முழம் கூட இல்லையா?"

இல்லை என்று பெரியவள் தலையை ஆட்டினாள். அக்கா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சின்னவள் உருளைக்குத் திரும்பிப் போனாள். மறுநாளிலிருந்து நடந்தாள். ஊர் பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் பாதி வழியில் இறங்கி மாற வேண்டும், மாறுகிற பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. எட்டு மணி நேரம் உருளையோடு நின்ற கால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வீடு சேர ஐந்தரை, ஐந்தே முக்கால் ஆகிவிடும். நர்ஸ் ஐந்துக்குப் போய்விடுவாள். முதல் நாள் அம்மா நான்கு தெரு தள்ளி, ஒரு பேக்கரி வாசலில் கிடைத்தாள். இரண்டாம் நாளிலிருந்து நர்ஸ் புறப்படும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகும்படி சின்னவள் சொல்லிவிட்டாள்.

இது பெரியவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனபோது கதவின் உள்பக்கம் நகக்கீறலாக இருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, சின்னவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள்.

மூன்றாவது வாரம், தொழிற்சாலையின் முன்வாசல் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அலுவலக ஆட்கள் பின்வாசல் வழியாக வரும்படி காவலாளி சொன்னான். பின்வாசல் என்றால் தொழிலாளர் வாசல். பஸ் நிற்பதும் அங்கேதான், வருகைப் பதிவு இயந்திரம் இருப்பதும் அங்கேதான். பதிமூணடி ஆறு வருடம் புழங்கிய வாசல். மதிலை ஒட்டி அவள் நடக்க ஆரம்பித்தாள். மதில் முடிகிற வழியாயில்லை. கொதிகலன் கூடம் வந்தது, மூட்டை இறக்கும் மேடை வந்தது, இன்னும் மதில். நடுவழியில் திரும்பி, நடந்து வந்த மதிலைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் எங்கிருந்து அளந்தாள்? முன்வாசலிலிருந்து. கம்பெனியின் முகவரி அதுதான், கடிதத்தாளின் தலையில் அச்சடித்திருப்பதும் அதுதான். தொழிலாளர் வாசலுக்கு முகவரியே கிடையாது. நூற்று நாற்பது பேரில் ஒருவர்கூட முன்வாசல் வழியாக வந்ததில்லை. அவளும் வந்ததில்லை, இந்த எட்டு மாதத்துக்கு முன்பு வரை. எட்டே மாதம். ஆறு வருடப் பழக்கம் அதற்குள் காலை விட்டுப் போய்விட்டது.

முன்வாசல் முனைக்குத் திரும்பிப் போய் மதில் முழுவதையும் அடியடியாக எண்ணினாள். முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு முந்நூறு மீட்டர் தெற்கே. நாற்காலியில் உட்கார்ந்து முதலில் ஒரே ஒரு முக்கோணத்தைத்தான் போட்டாள். கிழக்கே மூன்று. வடக்கே நான்கு இல்லை, நாலு சொச்சம் என்றெல்லாம் மழுப்ப வேண்டாம், நான்கு புள்ளி மூன்று. ஒன்பதும் பதினெட்டு புள்ளி நான்கு ஒன்பதும். வர்க்கமூலம் ஐந்து புள்ளி இரண்டு நான்கு. கால் கிலோமீட்டர் கூடுதல். சின்னவளுக்கு பஸ் உண்டு. முதல் நாளிலிருந்தே உண்டு.

மற்ற முக்கோணங்களையும் போட்டுப் பார்த்தாள். வடக்கே இருப்பவர்களில் ஒன்பது பேருக்கு இடம் கிடைக்க வேண்டும். தெற்கே இருப்பவர்களில் நான்கு பேர் இறங்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். இதை அவளுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும், போனாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், தாளை முழுதாகப் படித்தார். இரண்டாவது பஸ்ஸைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது, பட்டியலில் மேலே கையெழுத்தாகிவிட்டது, இறங்குகிற நான்கு பேருக்கு யார் பதில் சொல்வது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புன்னு நீங்க சொன்னா தப்புதான். நான் மேல எழுதறேன். ஆனா யார் தப்புன்னு கேட்பாங்க. அப்புறம் இந்த ஒன்பது பேர்ல உங்க தங்கச்சி பேரும் இருக்கு. அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

அவள் தாளில் தங்கையின் பெயர் இருந்த வரியைப் பார்த்தாள்.

"உங்க நிரந்தர ஆர்டர் கையெழுத்துக்குப் போயிருக்கு. இந்த மாசமே வந்துரும். நீங்களே சொல்லுங்க, எழுதவா?"

மிரட்டலே இல்லை. தேர்வு வினாத்தாளைக் கொடுப்பது போல அவள் கையில் கொடுத்துவிட்டார். பதிமூணடிக்கு மடிப்பு மேசை நினைவுக்கு வந்தது, நீராவியில் ஊறிய தரை, கால் வெடிப்பு. மகளின் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பூட்டிய கதவும் நினைவுக்கு வந்தது, வராமல் என்ன. ஆனால் கடைசியாக வந்தது, வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டாள். இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு வருகிறேன் சார் என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சரிபார்க்க அதில் ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான்கு நாள் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் சின்னவள் அலுவலக ஜன்னலுக்கு வந்தாள். முகம் சிறுத்திருந்தது. இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் நின்றாள். கையில் மூட்டைகளில் கட்டுகிற அட்டைச் சீட்டு ஒன்று இருந்தது.

உள்ளே பேச்சு சரியில்லையாம். மடிப்பு மேசையில் ரேடியோ என்று ஒருத்தி. அவள் வாயை மூட அந்தக் கொதிகலன் மூடிதான் வேண்டும். பதிமூணடி போட்ட கணக்கே தப்பு, மேலிடத்துக்கு நல்ல பிள்ளையாக வேண்டும் என்று தூரத்தைக் குறைத்து எழுதிவிட்டாள் என்று அவள் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறாள். சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. நேற்று நடக்கும்போது தெருத் தெருவாக எண்ணிக்கொண்டே போயிருக்கிறாள். தன் பங்குக்காக இல்லை, அக்காவின் பெயருக்காக.

"நம்ம வாசல்ல இருந்து எண்ணினேன்க்கா. கிழக்கே பதினஞ்சு. வடக்கே இருபத்தொண்ணரை. அந்த அரை மதில் ஓரம் வருது, அதையும் சேர்த்துட்டேன், ஒண்ணும் விடல. நீ இதை வச்சு அவங்க கண்ணு முன்னாடி காட்டற மாதிரி போட்டுக் குடு."

பெரியவள் எண்கள் எழுதியிருந்த அந்த அட்டைச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். தப்பு செய்துவிட்டேன், நீ பஸ்ஸில் போக வேண்டியவள், அம்மாவைப் பூட்டியிருக்க வேண்டாம் என்று மூன்றே வாக்கியம். சின்னவள் கோபித்துக்கொண்டிருக்கக்கூட மாட்டாள். அழுதிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் மேலாளர் அறைக் கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே இருந்தார். சொன்னால் வாக்கியம் அந்தக் கதவு வழியாகவும் போகும்.

தாளை எடுத்தாள். 3 என்று எழுதினாள், 4.3 என்று எழுதினாள். 9. 18.49. கூட்டினால் 27.49. அதுவரை கை சரியாகத்தான் போயிற்று. வேறு விதமாகப் போக அதற்குத் தெரியாது. வர்க்கமூலக் குறியைப் போட்டாள். பேனா அங்கேயே நின்றது. சின்னவள் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து, கோயில் சன்னிதியில் நிற்பவளைப் போல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்தக் குறி அவளுக்கு வெறும் கோடு.

5 என்று எழுதினாள்.

வாழ்க்கையில் எத்தனையோ விஷயத்தில் அவள் பொய் சொல்லியிருக்கிறாள். புருஷனிடம், மாமியாரிடம், பள்ளிக்கூடத்தில், எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கணக்கில் சொன்னதில்லை. இருபத்தேழரைக்கு மூலம் ஐந்து என்று எழுதிய அந்த எழுத்து அழகாகவே இருந்தது, எப்போதும் போல.

"இவ்வளவு எண்ணியும் அதே அஞ்சுதானா?"

"அஞ்சுதான்."

சின்னவள் ஒரு பெருமூச்சு விட்டாள். ஒரு கணம் அவள் முகத்தில் என்னவோ வந்து போனது. உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சின்ன ஆசை இருந்திருக்கும், ஆறாகவோ ஐந்தரையாகவோ வந்துவிடாதா என்று. அதை உடனே விழுங்கிவிட்டாள். கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு, இல்லையென்றால் அந்த ரேடியோ நானே எழுதியது என்பாள் என்றாள். பெரியவள் கையெழுத்துப் போட்டாள். சின்னவள் தாளை நான்காக மடித்துக்கொண்டாள். அம்மா கதவைத் தட்டித் தட்டி இரண்டு கையும் வீங்கியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஏதாவது தைலம் வாங்கி வா என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தபடி போனாள்.

சலவைக்கூடத்தின் இரட்டைக் கதவு திறந்தது. நீராவியும் இரைச்சலும் நடைபாதைக்கு வந்தன. அதற்குள்ளிருந்து சின்னவளின் குரல் கணீரென்று கேட்டது. இத்தனை வாரமாக அந்தக் குரலில் இல்லாத தெம்பு.

"இந்தாங்கடி, நல்லாப் பாருங்க. எங்க அக்கா கையெழுத்து. கணக்குல அவ தெய்வத்துக்குக்கூட பொய் சொல்ல மாட்டா."